வட்டத்துக்கு வெளியே போன பேச்சு

ஹோலுப், நெப்ராஸ்கா
நவம்பர் 9, ஞாயிறு மதியம்

அன்பு மகள் டெஸ்ஸாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும், நாய் பெபிக் உட்பட, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீ அங்கே எப்படி இருக்கிறாய் என்று அடுத்த வரியில் கேட்க வேண்டும், மூன்று வாரமாக நீ போனை எடுக்காததால் கேட்கிற தைரியம் வரவில்லை, நேரத்துக்குச் சாப்பிடுகிறாய், தூங்குகிறாய் என்று நானாகவே நினைத்துக்கொண்டு இருக்கிறேன். உறையைப் பார்த்ததும் பயந்துவிடாதே, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. போன் செய்யாதே என்றாய், மெசேஜ் அனுப்பாதே என்றாய், கடிதம் எழுதாதே என்று மட்டும் சொல்லவில்லை என்பதை அப்பாதான் கண்டுபிடித்தார். பேசினால் நீ நடுவில் ஏதாவது சொல்வாய், நான் அதற்குப் பதில் சொல்கிறேன் என்று வேறு எங்கேயோ போய்விடுவேன், எழுதினால் உட்கார்ந்து முடித்துத்தான் ஆக வேண்டும் என்றார். இருபத்தி மூன்று வருஷம் கூட இருந்த மனிதர், என் வாயைப் பற்றி அவருக்குத் தெரியாதா.

மக்காச்சோளம் அறுத்து முடிந்தது. கடைசி நாற்பது ஏக்கர் மிச்சம் இருக்கும்போது இயந்திரத்தில் ஒரு பேரிங் போய் இரண்டு நாள் வீண். அப்பா அந்த இரண்டு நாளும் வீட்டுக்குள் நடந்த நடையில் தரை தேய்ந்திருக்கும். பிறகு மழை வருவதற்கு அரை நாள் முன்னால் எல்லாம் குதிருக்குள் போய்விட்டது. நான் ஓட்டுகிற பள்ளி பஸ்ஸில் ஜெலெங்கா வீட்டு இரட்டைப் பிள்ளைகள் ஒருவன் வாந்தி எடுத்தால் மற்றவனும் எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள் போல, வாரத்துக்கு ஒரு தடவை நான் வாளியும் துடைப்பமுமாக நிற்கிறேன். போன ஞாயிறு தேவாலயத்தில் வான்கோழி விருந்து. பரிமாறுகிற வரிசையில் நின்ற எல்லாருமே உன்னை விசாரித்தார்கள், ஹானர்ஸ் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று. நம் பள்ளியிலிருந்து பல்கலைக்கழகத்தின் அந்தச் சிறப்புப் பிரிவுக்குப் போன முதல் பிள்ளை நீ என்று பேப்பரில் படம் போட்டதிலிருந்து நீ ஊருக்கே பொது. நன்றாக இருக்கிறாள் என்று ஐம்பது பேரிடமாவது சொல்லியிருப்பேன். ஐம்பத்தோராவது ஆள் கேட்டபோது உருளைக்கிழங்கு தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டு சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வருகிற வெள்ளிக்கிழமையோடு அறை மாற்றும் படிவம் கொடுக்க வேண்டிய கெடு முடிகிறது என்று எனக்குத் தெரியும். நீ அந்தப் படிவத்தை வாங்கி வைத்திருக்கிறாய் என்றும் உன் கடைசி மெசேஜில் இருந்து தெரியும். ஹானர்ஸ் மாடியை விட்டு வேறு விடுதிக்குப் போனால் அடுத்த பருவத்தில் அந்தக் குழுவோடு எடுக்கிற மூன்று வகுப்புகளும் போய்விடும், நீ தனியாகத்தான் படிக்க வேண்டும். போகிறதா இருக்கிறதா என்பது உன் முடிவு. ஆனால் நடந்ததில் உனக்குப் பாதிதான் தெரியும், மீதிப் பாதி என்னிடம் இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ளாமல் நீ கையெழுத்துப் போடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

ஆகஸ்டில் உன்னைக் கொண்டுவந்து விட்டபோது மூன்றாம் மாடிப் பொதுக்கூடத்துச் சுவரில் ஒரு பெரிய தாள் ஒட்டியிருந்தது. இருபத்து நாலு பேரும் சேர்ந்து எப்படி இருக்க வேண்டும் என்று நீங்களே எழுதி, எல்லாரும் கலர் கலராகக் கையெழுத்துப் போட்டிருந்தீர்கள். இருபத்து நாலு பேரும் ஒரே மாடியில் தூங்கி எழுந்து ஒரே வகுப்புக்குப் போவதா, இது படிப்பா, கோழிப்பண்ணையா என்று அப்பா கேட்டார், நீ முறைத்தாய். அந்தத் தாளுக்குப் பக்கத்தில் உன்னை நிற்கவைத்து நான் படம் எடுத்தேன். அந்தப் படம்தான் இன்றுவரை என் போனைத் திறந்தால் முதலில் தெரிவது. அதில் நாலாவது வரி, 'வட்டத்தில் சொன்னது வட்டத்தோடு' என்று இருக்கிறது. ஆக, அந்த விதி எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது, தினமும் நாற்பது தடவை பார்த்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வட்டத்தைப் பற்றி நீ முதலில் சொன்னபோது எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய். எல்லாரும் நாற்காலியை வட்டமாகப் போட்டு, ஒரு டென்னிஸ் பந்தைக் கைமாற்றி, பந்து யார் கையில் இருக்கிறதோ அவர்கள் அந்த வாரத்தில் நடந்த ஒரு நல்லதையும் ஒரு கெட்டதையும் சொல்ல வேண்டும், மற்றவர்கள் குறுக்கே பேசக் கூடாது என்று. உங்கள் கூடவே தங்கியிருக்கிற அந்த இரண்டாம் வருஷப் பெண் ஜோலின்தான் முதல் ஆளாகச் சொல்வாள் என்றாய். செப்டம்பர் கடைசியில் ஒரு ஞாயிறு நீ அழுகிற குரலில் கூப்பிட்டாய். உன் அறைத்தோழி கோரின் பத்து நிமிஷம் பந்தைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்துவிட்டு, தான் கெமிஸ்ட்ரி வகுப்புக்குப் போவதையே நிறுத்திவிட்டதாகவும், அந்த நேரத்தில் நூலகத்தின் கீழ்த்தளத்தில் போய் உட்கார்ந்திருப்பதாகவும், வீட்டில் சொல்ல முடியவில்லை என்றும் சொன்னாள் என்றாய். அவள் கட்டில் உன் கட்டிலுக்கு நேர் எதிரே, அவளுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல்தான் நீ என்னைக் கூப்பிட்டாய். இது வெளியே போகக் கூடாதும்மா என்று இரண்டு தடவை சொன்னாய். நான் யாரிடம் சொல்லப்போகிறேன், மாடுகளிடமா என்று சிரித்தேன். அது அவ்வளவு எளிதாக என் வாயில் வந்தது.

பிறகு அக்டோபரில் பெற்றோர் வார இறுதி. பல்கலைக்கழகக் கால்பந்து ஆட்டத்துக்கு முன்னால் உங்கள் மாடியிலேயே காலைச் சாப்பாடு வைத்திருந்தார்கள். நான் முந்தின நாளெல்லாம் நின்று நாலு டஜன் கொலாச்சி பன் சுட்டு எடுத்து வந்தேன், பாதி கசகசா வைத்தது, பாதி ஆப்ரிகாட் பழம் வைத்தது. நீ தட்டை வாங்கிப் பெருமையாக மேஜை நடுவில் வைத்தாய். கோரினின் அம்மா ப்ளைத் என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் ஒன்றும் கெட்டவிதமாகப் பேசவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோரினின் தாத்தா டாக்டர், அப்பா டாக்டர், இவள் மூன்றாவது தலைமுறை என்றார். எந்த மருத்துவக் கல்லூரி என்பது வரை முடிவாகியிருந்தது. டெஸ்ஸா என்ன ஆகப்போகிறாள் என்று கேட்டார், இன்னும் முடிவு செய்யவில்லை என்றேன். நல்லதுதான், எல்லாரும் ஒரே மாதிரி ஓட வேண்டாமே என்றார். நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார், பள்ளி பஸ் ஓட்டுகிறேன் என்றேன். பனியிலுமா, எவ்வளவு தைரியம் என்று என் கையைத் தொட்டார். பேசிக்கொண்டே ஒரு கொலாச்சியை எடுத்து ஒரு ஓரம் கடித்து, மீதியைக் காகிதத்தில் சுற்றிக் கோப்பைக்குள் போட்டார். அப்போதுதான் நான் சொன்னேன்.

"கோரின் பாவங்க. மூணு வாரமா கெமிஸ்ட்ரி க்ளாஸுக்கே போகலையாமே. உங்ககிட்ட சொல்லலையா?"

பிறகு நடந்தது உனக்கே தெரியும். ப்ளைத் கோப்பையை வைத்துவிட்டுக் கோரினைத் தேடிப் போனார், கோரின் ஆட்டத்துக்கு வரவில்லை, அன்று மாலையே அவளை ஒமாஹாவுக்கு வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். நீ என்னைக் காருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, நீங்களா சொன்னீங்க என்று கேட்டபோது, அவர்களுக்கு முன்னாலேயே தெரியும் என்று நினைத்துவிட்டேன், பேச்சுவாக்கில் வந்துவிட்டது என்றேன். ஒரு பெண் கஷ்டப்படும்போது பெற்றவளுக்குத் தெரிய வேண்டாமா என்றும் சேர்த்துக்கொண்டேன். நீ திரும்பி உள்ளே போனாய். மறுநாள் வட்டத்தில் பந்து உன்னிடம் வந்தபோது, "நான்தான் எங்கம்மாகிட்ட சொன்னேன்" என்று அந்த ஒரு வாக்கியம் மட்டும் சொன்னாய் என்றும், உனக்கு அப்புறம் பந்து கைமாறிக் கைமாறிச் சுற்றி வந்ததே தவிர ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை என்றும் உன் மெசேஜில் எழுதியிருந்தாய். அம்மாதான் உளறிக் கொட்டினாள் என்று ஒரு வார்த்தை நீ சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. அதைப் படித்துவிட்டு பஸ்ஸைக் கொட்டகையில் நிறுத்தின பிறகும் இறங்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அதற்கப்புறம் நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன், உனக்கு வேறு யாராவது சொல்லித் தெரிய வேண்டாம். நீ நாலு நாள் போனை எடுக்காததும் ஹானர்ஸ் அலுவலகத்துக்கே போன் போட்டேன். எடுத்த பெண்ணுக்கு உன் வயசுதான் இருக்கும். என் மகள் வகுப்புக்குப் போகிறாளா என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். உங்கள் மகள் கையெழுத்துப் போட்டு அனுமதி கொடுத்தால் ஒழிய அவள் இங்கே படிக்கிறாளா என்பதைக்கூட நாங்கள் சொல்ல முடியாது மேடம் என்று அவள் தேன் மாதிரிப் பேசினாள். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் பதினாறு மணி நேரம் வலி எடுத்துப் பெற்றவள் நான், அதற்கு ஏதாவது படிவம் இருக்கிறதா என்று கேட்டேன். மன்னிக்க வேண்டும் மேடம் என்றாள். போனை வைத்துவிட்டு மூக்கறுபட்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால் அந்தப் பெண் செய்ததுதான் சரி. என்னிடம் இல்லாத ஒன்று அவளிடம் இருந்தது, வாயை மூடிக்கொண்டு இருக்கிற பழக்கம்.

போன வியாழன் வேறொரு டிரைவரிடம் என் தடத்தை ஒப்படைத்துவிட்டு ஒமாஹாவுக்குப் போனேன். முன்கூட்டியே போனில் கேட்டுவிட்டுத்தான் போனேன், திடுதிப்பென்று போய் நிற்கவில்லை. ப்ளைத் அன்றைக்குப் பார்த்த அலங்காரம் எதுவும் இல்லாமல், தலையை அள்ளி முடிந்துகொண்டு கதவைத் திறந்தார். கோரின் மாடியில் இருந்தாள், இறங்கி வரவில்லை, நானும் கேட்கவில்லை. காப்பி வைத்தார், இரண்டு பேருமே குடிக்கவில்லை. வழியெல்லாம் நான் ஒத்திகை பார்த்துக்கொண்டு போன பேச்சைச் சொன்னேன், அவர்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன், நல்லதுக்குத்தான் சொன்னேன், ஆனாலும் தப்பு என்று. அவர் முழுவதும் கேட்டார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தை மாற்றவில்லை.

"நல்லதுக்குத்தாங்க ஆச்சு. நீங்க சொல்லலைன்னா டிசம்பர் வரைக்கும் எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, அதுக்குள்ள அவ என்ன ஆகியிருப்பாளோ. நன்றி சொல்லணும்னு பத்துத் தடவை போனை எடுத்தேன். முடியல. ஏன்னா அதைச் சொல்லும்போது நீங்க சிரிச்சீங்க, ரமோனா."

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சத்தியமாக எனக்குத் தெரியாது டெஸ்ஸா, என் முகத்தை நானா பார்த்தேன். ஆனால் அவர் சொன்ன அந்த நிமிஷமே என் கன்னத்தில் அந்தச் சிரிப்பு திரும்ப வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. சிரித்திருக்கிறேன். அவர்களுக்கு முன்னாலேயே தெரியும் என்று நான் நினைக்கவே இல்லை. தெரியாது என்று நன்றாகத் தெரிந்துதான் சொன்னேன். அரை மணி நேரம் அந்த அம்மாவின் மூன்று தலைமுறையைக் கேட்டுக்கொண்டு நின்றதில் நான் குறுகிக் குறுகிப் போயிருந்தேன், ஒரே ஒரு நிமிஷமாவது அவர் பேச்சு நிற்க வேண்டும் என்று இருந்தது, கைக்குக் கிடைத்தது உன் தோழியின் கஷ்டம், எடுத்து வீசிவிட்டேன். "ஆமாங்க, சிரிச்சேன்" என்று ப்ளைத்திடம் ஒப்புக்கொண்டேன். அவர் தலையை ஆட்டினார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, எழுந்து போங்கள் என்றும் சொல்லவில்லை. காப்பி ஆறிவிட்டதே, சூடு பண்ணட்டுமா என்று மட்டும் கேட்டார். பண்ணுங்கள் என்றேன்.

ஆக, நீ உன் அம்மாவிடம் ஒரு கஷ்டத்தைச் சொல்லி யோசனை கேட்டாய், பத்தொன்பது வயதில் யாரும் செய்வது. அந்தத் தாளில் நீ போட்ட கையெழுத்துக்கு அதுவும் தப்புதான், அதை நீ எழுந்து நின்று சொல்லிவிட்டாய். அதற்கு மேல் நடந்தது எதுவும் உன்னுடையது அல்ல. நான் செய்ததற்காக நீ மூட்டை கட்ட வேண்டியதில்லை.

இன்னொன்று. ப்ளைத் எனக்கு ஒரு சேதி சொன்னார். இதை டெஸ்ஸாவிடம் சொல்லலாமா என்று நான் கேட்டேன், கோரினைக் கேட்டுச் சொல்கிறேன் என்று மாடிக்குப் போனார், சொல்லலாமாம் என்று வந்து சொன்னார். அதனால்தான் எழுதுகிறேன், இந்தத் தடவை முறைப்படி அனுமதி வாங்கியாயிற்று. கோரின் கெமிஸ்ட்ரியை விட்டுவிட்டாள், அவள் அப்பா இரண்டு நாள் கழித்துத்தான் சரி என்றாராம். மற்ற பாடங்களை வீட்டிலிருந்தே எழுதி அனுப்பிக்கொண்டு இருக்கிறாள். வாரா வாரம் ஒரு மருத்துவரிடம் போய்ப் பேசுகிறாள். வருகிற பதினாறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, வட்டத்துக்கு முன்னால் மாடிக்குத் திரும்பி வருகிறாள். உன்மேல் அவளுக்குக் கோபம் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை, இருக்கலாம். ஆனால் நீ வெள்ளிக்கிழமை படிவத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டால், ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து கதவைத் திறக்கும்போது எதிர்க் கட்டில் வெறுங்கட்டிலாக இருக்கும். தன்னால்தான் நீ போனாய் என்றுதான் அவள் நினைப்பாள், வேறு எப்படி நினைப்பாள்.

எதிர்க் கட்டில் காலியாக இருந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்பாய். இதை நான் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. நான் இதே பல்கலைக்கழகத்தில் முதல் வருஷம் சேர்ந்து, தாத்தாவுக்கு முதுகு ஒடிந்து வயலைப் பார்க்க ஆளில்லாமல் போனதால் நவம்பரிலேயே படிப்பை விட்டுவிட்டு வந்தேன் என்றுதான் உனக்குத் தெரியும், ஊருக்கும் அப்படித்தான் தெரியும். ஹானர்ஸுக்கு விண்ணப்பித்தபோது நீ எழுதின கட்டுரையே அதுதான், வயலைக் காப்பாற்றப் படிப்பைத் துறந்த என் அம்மா என்று. படித்துப் பார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தாய். நான் இரண்டு இடத்தில் எழுத்துப் பிழையைத் திருத்திக் கொடுத்தேன், மற்றதைத் திருத்தவில்லை. தாத்தாவுக்கு முதுகு ஒடிந்தது உண்மை, ஆனால் வரச் சொல்லி அவர் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் கூப்பிட்டு வருகிறேன் என்றேன். அதற்கு முன்னால் ஐந்து வாரமாக நான் எந்த வகுப்புக்கும் போகவில்லை. முதலில் கணக்கு ஒன்றுக்குத்தான் போகவில்லை, பள்ளியில் முதல் மாணவியாக இருந்தவளுக்கு அங்கே ஒன்றும் புரியவில்லை, யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை. பிறகு மற்ற வகுப்புக்கும் போக வெட்கமாக இருந்தது. அது ஒன்பது மாடி விடுதி, ஒரு மாடிக்கு எண்பது பெண்கள். என் அறைத்தோழி செப்டம்பரிலேயே தன் சிநேகிதிகளோடு வேறு வீட்டுக்குப் போய்விட்டாள், மெத்தையை மட்டும் விட்டுவிட்டு. நான் அந்த மெத்தையைப் பார்த்துக்கொண்டே பிஸ்கட் தின்றுகொண்டு படுத்திருந்தேன். அப்போது உங்களுக்கு இருக்கிற மாதிரி மாடியும் கிடையாது, சேர்ந்து போகிற வகுப்பும் கிடையாது, வட்டமும் கிடையாது. நான் இருக்கிறேனா இல்லையா என்று எண்ணிப் பார்க்க ஒருவருக்கும் காரணம் இல்லை.

இதையெல்லாம் அனுபவித்தவள்தான் அன்றைக்குக் கோரினைப் பற்றிச் சிரித்துக்கொண்டு சொன்னது. அதுதான் எனக்கு ஆறமாட்டேன் என்கிறது. அந்த மாடியில் இருந்த எல்லாப் பெற்றோரிலும் அந்தப் பெண்ணின் நிலைமை தெரிந்த ஒரே ஆள் நானாகத்தான் இருந்திருப்பேன்.

உன் மாடியில் மற்ற எல்லாரும் இப்போது உனக்கு முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கலாம், சாப்பாட்டு மேஜையில் நீ வந்தால் பேச்சை நிறுத்தலாம். கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் நீ அங்கே இல்லாமல் போனால் அது அவர்களுக்குத் தெரியும். கோபமாக இருக்கிறவர்களுக்குத்தான் முதலில் தெரியும். அப்படித் தெரிகிற இடத்தை விட்டு, தெரியாத இடத்துக்கு நீ போகிறாயே என்றுதான் எனக்குப் பயம். எனக்கு இன்னொரு பயமும் இருக்கிறது, அது என் சுயநலம், அதையும் மறைக்கவில்லை. இனி நீ என்னிடம் எதையும் சொல்லமாட்டாயோ என்று. ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் போன் அடிக்கும் என்று நான் பாத்திரம் கழுவுவதைத் தள்ளிப்போடுவேன், இன்னும் தள்ளிப்போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, அதை நான் சம்பாதித்துத்தான் ஆக வேண்டும், எவ்வளவு நாள் ஆனாலும். மேலே எழுதியிருக்கிற என் கதையை வட்டத்தில் சொல்ல வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் தாராளமாகச் சொல், சிரித்ததையும் சேர்த்துச் சொல். வேண்டாம் என்று தோன்றினால் உன்னோடு வைத்துக்கொள். கட்டுரையைப் பற்றிக் கவலைப்படாதே, நீ உனக்குத் தெரிந்ததை எழுதினாய், பொய் என்னுடையது.

இவ்வளவையும் உன் தலையில் மட்டும் ஏற்றி வைக்கக் கூடாது என்று, உறையை ஒட்டும் முன்னால் கடிதத்தை அப்பாவிடம் கொடுத்தேன். அவருக்கும் வயல் கதைதான் தெரியும், அந்தக் கதையைக் கேட்டுத்தான் என்னைப் பிடித்தது என்று கல்யாணத்தில் எல்லார் முன்னாலும் சொன்னவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். கடைசித் தாளை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார், பெபிக்கும் பின்னாலேயே போனது. நான் அடுப்பைத் துடைத்தேன், துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தேன். அரை மணி கழித்து வந்து, தொப்பியைக் கூடக் கழற்றாமல் வாசல்படியிலேயே நின்றார்.

"அஞ்சு வாரமா ரமோனா? ஒருத்தர்கூட வந்து கதவைத் தட்டலையா?"

தட்டவில்லை என்றேன். உன் அப்பா அழுது நான் பார்த்ததில்லை, இன்று பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோரின் வரும்போது நீ அந்த அறையில் இரு கண்ணு. வேறு ஒன்றும் செய்ய வேண்டாம்.

எல்லாம் வல்ல ஆண்டவர் உன்னையும் அந்தப் பெண்ணையும் கூட இருந்து காக்கட்டும், நல்ல புத்தியும் நல்ல தூக்கமும் தரட்டும். அங்கே செவ்வாய்க்கிழமை முதல் பனி விழும் என்று சொல்கிறார்கள், தடித்த கோட்டு உன் கட்டிலுக்கு அடியில் நீலப் பெட்டியில் இருக்கிறது, எடுத்துப் போட்டுக்கொள். பதில் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை.

என்றும் உன்மேல் உயிராக இருக்கும்
அம்மா
ரமோனா குச்செரா